புளியஞ்சோலை வரை மூன்று நாள்

நான் துறையூரிலிருந்து முசிறிக்கு மாற்றலாகி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. துறையூர் பஸ் ஒரு நாளும் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றதில்லை. இந்த ஐப்பசி அடைமழையில் ஒரு திங்கட்கிழமை காலை நின்றது. கண்டக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வகுப்பு வரைக்கும் ஓடி வந்தார். "வாத்தியாரய்யா, குமாஸ்தா ஐயா இன்னிக்குக் காலையிலே தவறிட்டாருங்க. நாலு நாளாக் காய்ச்சலாம். வீட்டம்மா உங்ககிட்டச் சொல்லிடச் சொன்னாங்க. திரும்பற டிரிப்புலே உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்" என்றார். பின்னக் கணக்கு ஒன்று கரும்பலகையில் பாதியில் நின்றது. மீதியை எப்படிப் போடுவது என்று எனக்கு மறந்து போய்விட்டது.

சபாபதியை உங்களில் அறியாதவர் கிடையாது. துறையூர்ப் பத்திர ஆபீஸில் இருபத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். கடைத்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். எண்ணெய்க் கடையில் நின்று பேசுவார், வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து பேசுவார், எதிரே வருகிறவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நடப்பார். நானோ கணக்கு வாத்தியார். நேரம் தவறினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "அவசரமாப் போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறோம், வாத்தியாரே?" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரோடு நான் பலமுறை பேசாமல் இருந்திருக்கிறேன். மறுநாளே பேசியும் இருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் கொல்லிமலையில் ஒரு சிநேகிதர் இருக்கிறார். வளப்பூர் நாட்டில் சாமையும் மிளகும் விளைவிக்கிற பெரியண்ணன். ஒரு பத்திரம் பதிய மலையிலிருந்து இறங்கி வந்தவர், ஆபீஸ் விடுமுறை என்று தெரியாமல் பூட்டிய கதவின் முன்னால் மழையில் நின்றுகொண்டிருந்தார். சபாபதி அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டு, இரண்டு நாள் தங்க வைத்து, காரியத்தை முடித்து அனுப்பினார். அதிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் பெரியண்ணன் பலாப்பழம் சுமந்துகொண்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் வருவார். வந்தால் சபாபதியின் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். இருவரும் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். சபாபதி பேசாமல் இருந்தது அவரிடம் மட்டும்தான்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, பெரியண்ணன் தம் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். "எம்புள்ளை கண்ணாலத்துக்கு நீங்க வந்து நின்னாத்தானுங்க எனக்கு நெறவு" என்றார். சபாபதி வருகிறேன் என்றார். ஆனால் அவருடைய சித்தப்பா ஒருவர் அந்த மலைக்கு மரம் வெட்டும் வேலைக்குப் போய், மலைக்காய்ச்சலோடு திரும்பி, பத்து நாளில் இறந்து போனவர். மலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சபாபதி முகம் மாறும். நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், சந்தைக்கு மிளகு கொண்டுவந்த மலைக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்: ஐயாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அவர் துணையில்லாமல் நானும் கிளம்பவில்லை.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆபீஸ்காரர்களுக்கும் வாத்தியார்களுக்கும் காய்ச்சல் என்பது லீவுக் கடிதத்தில் வருகிற ஒரு வார்த்தை. எழுதுகிறவர் நினைத்து எழுதுவதில்லை, வாங்குகிறவர் நம்பி வாங்குவதில்லை. பெரியண்ணன் லீவுக் கடிதம் பார்த்தவர் அல்ல. அவர் ஊரில் காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான்.

அவர் மகள் கழுத்தில் தாலி ஏறியதும், மறுவீட்டு விருந்துக்குக்கூட நிற்காமல் காய்ச்சல் கஷாயத்துக்கு நிலவேம்பும் சீந்தில் கொடியும் ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். அங்கிருந்து துறையூர் பதினெட்டுக் கல். நடந்தே வந்தார். நாங்கள் இருவரும் அப்போது காப்பி கிளப்பில் உட்கார்ந்திருந்தோம். சபாபதி இரண்டாவது தோசையைப் பிட்டுக்கொண்டே ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போனபோது கட்டு கூடத்தில் கிடந்தது. "கடைத்தெருவில் உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் வந்தாராம். குமாஸ்தா ஐயாகிட்டக் குடுத்துருங்கன்னார். தண்ணிகூடக் குடிக்கலே" என்றாள் என் மனைவி.

கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சபாபதி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆனியில் பலாப்பழம் வரவில்லை. அடுத்த ஆனியிலும் வரவில்லை. சந்தைக்கு வருகிற மலைக்காரர்களிடம் கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். மூன்றாவது ஆனியில் சபாபதி என்னிடம் வந்து, "நேரிலே போய் உள்ளதைச் சொல்லிடறேன், வாத்தியாரே. துணைக்கு வாங்க" என்றார். இருவரும் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தோம். காரணம் என்ற இடத்தில் இருவருமே காய்ச்சல் என்றுதான் எழுதினோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

அவருடைய மைத்துனரின் ஒற்றை மாட்டு வண்டியில் கிளம்பினோம். விடிந்ததும் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் மலையடிவாரத்துப் புளியஞ்சோலையைச் சேர்ந்துவிடலாம். சபாபதிதான் வண்டி ஓட்டினார். ஓட்டினார் என்றா சொன்னேன்? நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். ஒரு வெள்ளரித் தோட்டத்தில் நிறுத்தி, காவல் இருந்த அம்மாளிடம் அவள் மருமகளின் வழக்கு முழுவதையும் கேட்டுத் தீர்ப்பும் சொன்னார். ஓர் ஏரிக்கரையில் நாரைகளைப் பார்த்துக்கொண்டு அரை நாள் போயிற்று. நான் அதுவரை துறையூருக்கு வடக்கே போனதில்லை. கம்பங்காட்டுக் காற்றும், வண்டி திரும்பத் திரும்ப இடம் மாறி நிற்கும் மலையும், கோபத்தை மீறி எனக்கும் பிடித்துத்தான் இருந்தன. "மலை எங்கேயும் ஓடிப் போயிடாது, வாத்தியாரே" என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்னார். அன்று உப்பிலியபுரத்தைக்கூட எட்டவில்லை.

மறுநாள் உப்பிலியபுரத்தில் லாடம் அடிக்கிறவரைக் கண்டதும் வண்டியை அவிழ்த்துவிட்டார். லாடக்காரர் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, குளம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது புது லாடமுங்களே. ஒரு வாரம்கூட ஆயிருக்காதே" என்றார். "இருந்தாலும் ஒரு தரம் தட்டிப் பாருங்க" என்றார் சபாபதி. லாடக்காரர் என்னைப் பார்த்தார், நான் சபாபதியைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் ஊர் பார்க்கவில்லை, நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில்தான் புளியஞ்சோலையில் தெரிந்தவர் வீட்டுத் தொழுவத்தில் வண்டியை விட்டோம். அன்றைய பொழுது முழுவதும் அங்கேயே கழிந்தது. ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, பொட்டலத்திலிருந்து மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை ஒன்றை எடுத்து விழுங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "மலைக்குப் பயமா, பெரியண்ணனுக்குப் பயமா? ரெண்டில் ஒண்ணைச் சொல்லிடுங்க" என்றேன். "அப்போ மலைக்குத்தான் பயந்தேன். இப்போ மலை பரவாயில்லைன்னு தோணுது" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைத் துரிதப்படுத்தவில்லை.

நாலாம் நாள் காலையில் ஏறினோம். மலைப்பாதை முழங்காலை முகவாய்க்குக் கொண்டுவந்தது. நான் பத்து அடிக்கு ஒருதரம் உட்கார்ந்தேன். சபாபதி நிற்கவே இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு நாள் அவர் எனக்கு முன்னால் போனார். மத்தியானத்துக்கு மேல் பெரியண்ணன் வீட்டை அடைந்தபோது, அவர் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தின் உச்சியில் இருந்தார். காய்களைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களைக் கண்டு, "ஏனுங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

மேலே இலைகள் அசைவது நின்றது. இறங்கி வரட்டும் என்று சபாபதி காத்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே, "பெரியண்ணா, அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. பொய் சொன்னேன். மலைக்காய்ச்சல் வந்திடும்னு பயந்து வராம இருந்துட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு மெல்ல இறங்கியது, அதன் முனையில் பெரிய பழம் ஒன்று. "கெட்டியாப் புடிச்சுக்குங்க சாமி. கீழ உழுந்தா ஒடஞ்சு போயிரும்" என்று குரல் வந்தது. சபாபதி பழத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தார். ஜிப்பா முழுக்கப் பால் பிசின். அந்தக் கறை கடைசி வரை போகவில்லை.

பெரியண்ணன் இறங்கி வந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பொய்யின்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சுங்க. எதுக்குச் சொன்னீங்கன்னுதான் தெரியலே. எங்கூட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதோன்னு நெனச்சுட்டேன். மூணு வருசமா அதே நெனப்புங்க."

சபாபதி பழத்தை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றார். "ஐயோ பெரியண்ணா, நான் வெறும் பயந்தாங்கொள்ளி. சோறு போடச் சொல்லுங்க" என்றார். "பயந்துட்டீங்களா? அட, அதைச் சொல்றதுக்கு என்னங்க சாமி" என்று பெரியண்ணன் சிரித்துவிட்டார். அன்று சபாபதி சாமைச் சோறும் மொச்சைக் குழம்புமாக நாலு முறை வாங்கிச் சாப்பிட்டார். வயிற்றுக்கு அது அதிகம் என்று எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை.

மூன்று நாள் அங்கே இருந்தோம். அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டோம். அருவியின் சாரலில் நனைந்தோம். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு மூட்டைகளோடு நடந்து போனோம். மணமான மகளையும் அவள் கைக்குழந்தையையும் வரவழைத்தார்கள். சபாபதி மூன்று வருஷம் தாமதமான கல்யாணப் புடவையைக் கொடுத்தார். கொயினாப் பொட்டலத்தை எங்கே வைத்தோம் என்று அவருக்கு நினைவே இல்லை. கிளம்பும்போது பெரியண்ணன் பாதி மலை வரை கூட வந்தார். "இனிமே வர முடியாட்டி, வர முடியலேன்னே சொல்லி அனுப்புங்க. காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க. அதைக் கேட்டா எனக்குக் காலு ஊட்டுல நிக்காது" என்றார்.

அதன் பிறகு அநேகமாக எல்லா வருஷமும் போனோம். ஒவ்வொரு தடவையும் புளியஞ்சோலைக்கு மூன்று நாள்தான் ஆயிற்று. பயம் போன பிறகும் அந்த மனிதர் வேகமாக ஓட்டவில்லை.

கண்டக்டர் போட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்து துறையூர் போய்ச் சேர்ந்தேன். சபாபதியின் கடைசி நான்கு நாளில் நடந்ததை அவர் மனைவி காமாட்சி அம்மாள் எனக்குச் சொன்னார். இந்தத் தடவை நிஜமான காய்ச்சல். மலைக்காய்ச்சல் இல்லை, ஊரிலேயே வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார். இரண்டாம் நாள், பெட்டியில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக வைத்திருந்த அந்த நிலவேம்புக் கட்டை எடுத்துக் கஷாயம் வைத்துத் தரச் சொன்னாராம். "பழசாப் போச்சே, இதிலே என்ன இருக்கும்?" என்று இந்த அம்மாள் கேட்க, "இப்பத்தான் இதைக் குடிக்க எனக்கு யோக்கியதை வந்திருக்கு. வையி" என்றாராம். மலைக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்றதற்கு மட்டும் கையை ஆட்டிவிட்டார். "வேண்டாம். இந்த மழையிலே இறங்கி வந்துடுவார். எழுந்ததும் நாமே போகலாம்."

அவர் போன சேதியை மலைக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் பெரியண்ணன் நனைந்த துண்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கையில் புதிதாகக் கட்டிய நிலவேம்புக் கட்டு இருந்தது. எதற்குக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. காமாட்சி அம்மாள் கஷாயத்தைப் பற்றிச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். "காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. நான் நம்பியிருப்பனே" என்றார். நான் அழுதது அப்போதுதான்.

ஊருக்குத் திரும்பும் முன் பெரியண்ணன் என்னைக் கேட்டார், "ஆனிக்கு வருவீங்களா, சாமி?" என் முழங்கால் இப்போது சரியில்லை, அது பொய்யும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "வர்றேன், பெரியண்ணா. ஆனா மெதுவாத்தான் வருவேன்" என்றேன். "மெதுவாவே வாங்க. மல எங்கீங்க ஓடிப் போகுது" என்றார்.

சபாபதி குடித்தது போக மிஞ்சிய பழைய நிலவேம்பில் பாதியைக் காமாட்சி அம்மாள் எனக்குக் கொடுத்தார். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தும், நேற்று லீவுக் கடிதத்தை எழுதி அதன் மேலேயே வைத்துவிட்டேன். போகும் வழிக்கே நாலு நாள் போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில், சிநேகிதரைப் பார்க்க என்று எழுதியிருக்கிறேன்.