நான் வெட்டிய கடைசி வரி

என் தம்பியை, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றவன் அவனுடைய நெருங்கிய நண்பன். அங்கே காத்திருந்த மூவர் பேஸ்போல் மட்டையால் தம்பியின் இரண்டு கைகளையும் உடைத்தார்கள். நண்பன் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு கிழமைகளின் பின், நண்பர்களை நம்பாதே, கூடப்பிறந்தவர்களை மட்டும் நம்பு என்று தம்பி ஒரு ராப் பாடலை எங்கள் வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ரில் பாடிப் பதிவு செய்தான். விரல்வரை மாவுக்கட்டு இருந்ததால், தொலைபேசியைத் தந்து, இணையத்தில் ஏற்றும் வேலையை என்னிடம் விட்டான்.

கடைசி வரியில் அந்த நண்பனின் வீட்டு இலக்கமும் தெருவும் இருந்தன. தம்பிக்காக மட்டையெடுக்கக் கூடியவர்களும் இருந்தார்கள். அவர்கள் போய்த் தட்டினால், கதவைத் திறப்பவர் தம்பிக்குப் பலமுறை புட்டுப் பரிமாறிய, அந்த நண்பனின் தாயாகத்தான் இருப்பார். அந்த வரியை வெட்டிவிட்டுப் பாடலை ஏற்றினேன்.

கேட்டு முடித்ததும் தம்பி மாவுக்கட்டுக் கையால் என் முகத்தில் அடித்தான். உதடு கிழிந்தது.

“அக்கா எண்டு நம்பித்தானே தந்தனான். உவனும் நீயும் ஒண்டுதான்.”

“இன்னும் அடிக்கிறதெண்டா அடி. உந்த வரி வெளியில போகாது.”

முழுப் பதிவு இன்னும் தொலைபேசியில் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதையும் அழித்தேன்.