நாய் பிடி, துல்மா!

எனக்கு வாய் நீளம். எங்க தர்கான் ஊர்ச் சந்தையில இருபது வருசமா சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். ஆவியில வேகிற இறைச்சிக் கொழுக்கட்டையோட என் திட்டையும் சேத்து வாங்கித் தின்னாத்தான் லாரிக்காரங்களுக்கு வயிறு நிறையும். அப்படிப்பட்ட என் திட்டைக் கேக்கிறதுக்குன்னே ஒரு மனுசன் ரெண்டு குளிர்காலம் பூரா, தினமும் கருக்கல்ல, எச்சில் துப்பினா கீழ விழறதுக்குள்ள கட்டியாகிற குளிர்ல நடந்து வந்தாருன்னா நம்புவீங்களா? எனக்கே ரொம்ப நாள் தெரியாது. அவரு வேற எதுக்கோ வர்றாருன்னுதான் நினைச்சேன்.

பேரு தாக் மான்-சிக். கொரியாக்காரரு, வயசு அறுபத்தெட்டு. இஞ்சியோன்ல ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொதிகலன் பாத்துக்கிட்டு இருந்தவரு. வேலையில இருந்து ஓய்வு வாங்கினா மத்தவங்க மலையேறப் போவாங்க, சீட்டாடுவாங்க. இவரும் இவரு பொஞ்சாதி ஓக்-நாம் அம்மாவும் சபையில சொல்லிட்டு மிஷனரியா எங்க ஊருக்கு வந்து சேந்தாங்க. எங்க கூடார வீட்டுப் பேட்டையோட கோடியில தகரக் கூரைச் சபை ஒண்ணு இருந்தது. விசுவாசிங்க மொத்தம் பதினோரு பேரு. அதுல நாலு பேரு குளிர் காயத்தான் வர்றாங்கன்னு நானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பிரசங்கமெல்லாம் அவருக்கு வராது. எங்க பாஷையில அவருக்குத் தெரிஞ்சது நூறு வார்த்தை இருந்தா அதிகம். அதுவும் பாதி ஏவுறது: திற, மூடு, எந்திரி, பிடி. ஆனா அடுப்புன்னு ஒண்ணைக் கண்டுட்டா போதும், சட்டையை மடிச்சுக்கிட்டு முட்டி போட்டுடுவாரு. வீடு வீடா வந்து புகைக்குழாயைத் தட்டிப் பாப்பாரு, சந்து பொந்தெல்லாம் களிமண்ணு பூசுவாரு. புகைபோக்கிக் கிழவன்னு பேரு வச்சது நான்தான். பேட்டை முழுக்க அதே பேரு ஒட்டிக்கிச்சு.

முதல் தடவை எங்க வீட்டுக்குள்ள வந்தவரு, அடுப்பைப் பாக்கல, அண்ணாந்து கூரையைப் பாத்தாரு. உச்சியில வட்டமா வெளிச்சம் வர்ற இடம் இருக்கே, அதைப் பொழுது சாய்ஞ்சதும் கம்பளியை இழுத்து மூடிடுவோம். அடுப்புல கரி செக்கச் செவேல்னு இருக்கும்போதே புகைக்குழாய்க்கு உள்ள இருக்கிற மூடியையும் சாத்திடுவோம். அப்பத்தான் சூடு விடியிற வரைக்கும் நிக்கும். எங்கம்மா அப்படித்தான் செஞ்சா, அவளோட அம்மாவும் அப்படித்தான். ஒண்ணை மறந்துட்டோம். அவங்க எரிச்சது வறட்டி, சட்டுனு எரிஞ்சு அணைஞ்சுடும். நாங்க எரிக்கிறது நிலக்கரி, விடிய விடிய உள்ளுக்குள்ள கனிஞ்சு, வாசனையே இல்லாத விஷக்காத்தைக் கக்கிக்கிட்டே கிடக்கும்.

அவரு உள்ளங்கையை விரிச்சு மேல காட்டினாரு. "ஒரு கை. திற. தினம் திற."

"திறந்து வச்சா என் மக விறைச்சுப் போவா. கூட ஒரு மூட்டை கரி யாரு தர்றது? நீங்களா, உங்க இயேசுவா?" அப்படின்னேன்.

ஓக்-நாம் அம்மா சந்தையில பேரம் பேசிப் பேசியே எங்க பாஷையை நல்லாப் பிடிச்சுக்கிட்டவங்க. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. "இவரு நச்சரிப்பு தாங்க முடியாதும்மா. நாலு நாளைக்குத் திறந்து வை, அப்புறம் ஓஞ்சுடுவாரு." அவரு ஓயல.

அதுக்கப்புறம்தான் அந்தக் கருக்கல் நடை ஆரம்பமாச்சு. கொரியாச் சபைக்காரங்க தினமும் விடியிறதுக்கு முந்தியே கூடி ஜெபம் பண்ணுவாங்க. இவரு சபையில உக்காராம தெருத்தெருவா நடந்துக்கிட்டே ஜெபம் பண்ணுவாரு. நாப்பத்து மூணு வீடு. ஒவ்வொரு வீட்டுப் புகையையும் பாப்பாரு, அந்த வீட்டுக்காரங்க பேரைச் சொல்லி முணுமுணுப்பாரு, அப்புறம் வேலிக்கு வெளிய நின்னு குரல் கொடுப்பாரு. எங்க பக்கம் யாரும் கதவைத் தட்டுறதில்ல. "நாயைப் பிடி!"ன்னு கத்துவாங்க, வீட்டுக்காரி வெளிய வந்து நாயைப் பிடிப்பா, அப்புறம்தான் உள்ள வரணும். நாய் இல்லாத வீடா இருந்தாலும் அப்படித்தான். அதை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. சொல்லிக் கொடுத்தவன் கையில கிடைச்சிருந்தா அன்னிக்கே தீத்திருப்பேன்.

"துல்மா! நாய் பிடி!"

அவரு சுத்தி வர்ற வரிசையில எங்க வீடுதான் கடைசி. ஆத்தங்கரைப் பக்கம் தனியா இருக்கு. அதனால தூக்கம் நல்லா அமுக்கிற நேரமாப் பாத்து வந்து நிப்பாரு.

"பிடிக்க முடியாது போய்யா! உனக்குத் தூக்கம் வரலேன்னா ஊருக்கே வரக் கூடாதா? உன் கெண்டைக்காலைக் காசர் கவ்வட்டும்! நீ கும்பிடுற சாமிக்குக் காதே கேக்காதா, இப்படிக் கத்துற?"

"நல்லது! நல்லது!"ன்னு சொல்லிட்டு, பூட்ஸ் பனியில கரக் கரக்குனு நெரிய நடந்து போயிடுவாரு. திட்டுறது புரியாம நல்லதுங்குது பாரு கிழம்னு நானும் என் மக சரூலும் போர்வைக்குள்ள சிரிச்சுக்குவோம். காசர் எங்க நாய். கன்னுக்குட்டி உசரம் இருக்கும். ஓநாயைத் துரத்தின வம்சம். என் புருசன் பத்சூக் லாரியில கரி ஏத்திக்கிட்டு மாசத்துல இருபது நாள் வெளிய கிடப்பான். எனக்கும் ஏழு வயசுப் பிள்ளைக்கும் காசர்தான் காவல். நான் பிடிச்சுக்காம ஒரு தடவைகூட அவரை வேலி தாண்ட விட்டதில்ல.

பக்கத்துத் தெரு சென்த்மா சபைக்குப் போறவ. சாது, அதட்டிப் பேசத் தெரியாது. ஒரு நாள் என் கடையில ஒத்தாசையா மாவு பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. "அக்கா, ஜெபம்னா எல்லாரும் கண்ணை மூடுவோம். தாக் ஐயா மட்டும் மூடவே மாட்டாரு. கதவையே பாத்துக்கிட்டு இருப்பாரு."

"வாசல்ல கழட்டி வச்ச பூட்ஸை யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயமா இருக்கும்டி"ன்னேன். கடையே சிரிச்சுது. அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு.

ரெண்டாவது குளிர்காலம், ஜனவரி மாசம். பூஜ்யத்துக்குக் கீழ முப்பத்தெட்டு டிகிரி குளிர். பத்சூக் ஊர்ல இல்ல, சரூலுக்கு இருமல். எப்பவும் அவரு சொன்னதுக்காக, திட்டிக்கிட்டேயாவது, ஒரு விரக்கடை திறந்து வைப்பேன். அன்னிக்கு அதையும் வைக்கல. ஒரு நாள்தானேன்னு கம்பளியை முழுசா இழுத்துக் கட்டினேன், கரியை நிறையக் கொட்டினேன், குழாய் மூடியையும் சாத்தினேன். வீடு கதகதன்னு ஆச்சு. பிள்ளை இருமல் நின்னு தூங்கினா. அவ தூங்குறதைப் பாத்து நிம்மதியா நானும் படுத்தேன். பெத்தவ நானே என் கையால பண்ணின வேலை அது.

அதுக்கப்புறம் நடந்தது எனக்கு நேராத் தெரியாது. அவங்கவங்க சொன்னதை வச்சுச் சேத்துக் கோத்ததுதான்.

அன்னிக்கு அவரு சபை வாசல்ல இருந்து கிளம்பி, எப்பவும் போற பக்கம் போகல. முதல் வீடான சென்த்மா வீட்டுக்குப் போகல. நாப்பத்து ரெண்டு வீட்டையும் விட்டுட்டு நேரா ஆத்தங்கரைக்கு வந்திருக்காரு. ஏன்னு பின்னாடி கேட்டேன். யோசிச்சுப் பாத்துட்டு, "தெரியல. கால் திரும்புச்சு"ன்னாரு. அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேலிக்கு வெளிய நின்னு கூப்பிட்டிருக்காரு. "துல்மா! நாய் பிடி!"

பதில் இல்ல.

"துல்மா! நாய் பிடி!"

என் திட்டு வரல. ரெண்டு குளிர்காலத்துல முதல் தடவையா வரல. மூணாவது தடவை அவரு கூப்பிடவே இல்ல. வேலியைத் தாண்டிக் குதிச்சுட்டாரு. காசர் பாஞ்சு கெண்டைக்காலைக் கவ்வியிருக்கு. நான் தினமும் சாபம் விட்ட அதே கெண்டைக்கால். அவரு நிக்கல. அறுபது கிலோ நாயைக் காலோட இழுத்துக்கிட்டு வந்து கதவை உடைச்சிருக்காரு. பிள்ளையை முதல்ல தூக்கிட்டு வந்து போர்வையோட வெளிய கிடத்திட்டு, திரும்பி வந்து என்னை இழுத்திருக்காரு. நான் எடை குறைச்சல் இல்லீங்க. எங்கேயிருந்து வந்துச்சோ அந்தப் பலம்! சத்தம் கேட்டு ஓடி வந்த சென்த்மா பாத்தப்போ, காசர் அவரு காலை விட்டுட்டு சரூல் மூஞ்சியை நக்கிக்கிட்டு இருந்துச்சாம். அவரு ரத்தம் ஒழுக ஒழுக நின்னு, பிள்ளை கன்னத்தைத் தட்டி, "எந்திரி! எந்திரி!"ன்னு கத்திக்கிட்டு இருந்தாராம்.

ஆஸ்பத்திரியில எனக்கு முழிப்பு வந்தப்போ தலை ரெண்டாப் பிளந்த மாதிரி வலி. பக்கத்துக் கட்டில்ல சரூல், மூக்கு வாய் மேல பிராணவாயுக் கவசம். அவ கண்ணு திறக்கல. டாக்டரம்மா என்னைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டே பேசினாங்க. "நல்ல நேரத்துல கொண்டு வந்தாங்க. இன்னும் அரை மணி போயிருந்தா பேச்சே இல்ல. இனி அவ முழிக்கணும். காத்திருக்கணும்."

அரை மணி. அவரு எப்பவும் போல நாப்பத்து ரெண்டு வீட்டையும் முடிச்சுட்டு வந்திருந்தா முக்கால் மணி ஆயிருக்கும். எனக்கு அப்பவே கணக்கு ஓடுச்சு.

ஓக்-நாம் அம்மா ஒரு ஜாடி நிறைய முள்ளங்கிக் கிம்சித் தண்ணியோட வந்து நின்னாங்க. கரிப்புகை அடிச்சா அவங்க ஊர்ல அந்தக் காலத்துல அதைத்தான் குடிக்கக் கொடுப்பாங்களாம். நர்ஸ் சண்டைக்கு வந்துட்டா. "நினைவு இல்லாத பிள்ளைக்கு ஊறுகாய்த் தண்ணியா? வெளிய போங்கம்மா!" அவங்க ஜாடியை மடியில வச்சுக்கிட்டு என் கட்டில் ஓரமா உக்காந்தாங்க.

"மதியம் ஆகுது. காலுக்குத் தையல் போட்டாங்க, உக்காரக்கூட மாட்டேங்குறாரு உங்க ஐயா. வெளிய நடையிலேயே நிக்கிறாரு"ன்னாங்க. அழுகையை அடக்கிக்கிட்டு இருந்தேன். அவங்க பாட்டுக்குச் சொன்னாங்க, குரல் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

"எங்களுக்கு ஒரு மக இருந்தா. மி-சுக்னு பேரு. ஏழு வயசு. மலைச்சரிவுல ஒண்டுக் குடித்தனம். தரைக்கு அடியில கரிக்கட்டி எரியும், அதுல சூடு வரும். எனக்குப் பஞ்சாலையில ராத்திரி வேலை. ஒரு நாள் விடியுமுன்ன இவரு பிள்ளையைப் போத்திப் படுக்க வச்சுட்டுச் சபைக்கு ஜெபத்துக்குப் போனாரு. அவளுக்காகத்தான் ஜெபம் பண்ணினாரு. ஒரு மணி நேரம், கண்ணை மூடிக்கிட்டு. திரும்பி வந்து கதவைத் திறந்தா..." அவங்க ஜாடி மூடியைத் திருகினாங்க. "அன்னில இருந்து முப்பத்தொன்பது வருசம், இவரு சாமியை விடவும் இல்ல, கண்ணை மூடவும் இல்ல. 'நான் கண்ணை மூடினேன், அந்த நேரத்துல நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அவரை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமாம்மா"ன்னேன்.

"தெரியுமே! அவருக்கு நல்லாப் புரியும். வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிச் சிரிப்பாரு. 'இன்னிக்குத் துல்மா நல்லாத் திட்டினா. பிள்ளையும் சிரிச்சா. ரெண்டு பேரும் இருக்காங்க'ம்பாரு. அதைக் கேக்கத்தானே போறாரு."

நான் எந்திரிச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடைக்கு வந்தேன். கட்டுப் போட்ட காலோட, பாதி திறந்த கதவு வழியா என் பிள்ளையையே பாத்துக்கிட்டு நின்னாரு. ரெண்டு கண்ணும் அகலத் திறந்திருந்துச்சு. உதடு மட்டும் அசைஞ்சுது. நான் அவரு பக்கத்துல போய் நின்னேன். மன்னிப்புக் கேக்கணும்னு வாயைத் திறந்தேன், இந்த நீள வாய்க்கு ஒரு வார்த்தை வரல. ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். சன்னல் வெயில் கட்டில் காலுல இருந்து போர்வைக்கு ஏறியிருந்துச்சு.

அப்பத்தான் உள்ள இருந்து நர்ஸ் குரல், "ஏய், ஏய், கையை எடு!"ன்னு. அதுக்கு மேல ஒரு கம்மின குரல்:

"இந்தக் கண்றாவியை என் மூஞ்சியில இருந்து எடுடி!"

என் பிள்ளை. என் வயித்துல பிறந்த வாய்.

நான் ஓடினேன். பாதியில திரும்பிப் பாத்தேன். "நல்லது"ன்னாரு. குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. "நல்லது, நல்லது." தையல் போட்ட காலை மடக்க முடியாம, நடையில அத்தனை ஜனங்க போக வர இருக்கிற இடத்துல, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு முட்டி போட்டாரு. கண்ணை மூடினாரு. ஓக்-நாம் அம்மா கையில இருந்த ஜாடி கீழ விழுந்து உடைஞ்சுது. அவங்க அதைக் குனிஞ்சுகூடப் பாக்கல. முப்பத்தொன்பது வருசமா மூடாத அந்த ரெண்டு கண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஜூன் மாசம் விசா முடிஞ்சு ரெண்டு பேரும் ஊருக்குப் போனாங்க. வண்டி கிளம்பினதும் போற வழி நல்லா அமையட்டும்னு எங்க வழக்கப்படி பின்னாலேயே பால் தெளிச்சேன். காசர் ஆத்துப் பாலம் வரைக்கும் வண்டி கூடவே ஓடிட்டு வந்துச்சு. சபைக்குப் போறியான்னு என்னைக் கேக்காதீங்க, போனா எந்த நேரம் வாயைத் திறக்கணும்னு தெரியாம உளறிடுவேன். ஆனா குளிர் வந்ததுல இருந்து கருக்கல்ல நான்தான் நடக்கிறேன். இப்போ நாப்பத்தாறு வீடு. அவரு நடந்த வரிசையிலேயே போறேன். ஒவ்வொரு வேலியிலயும் நின்னு கத்துறேன், வண்டி வண்டியாத் திட்டு வாங்குறேன். ஒருத்தன் போன வாரம் பூட்ஸைக் கழட்டி எறிஞ்சான்.

நேத்து, இப்போ கைக்குழந்தை வச்சிருக்கிற சென்த்மா வீட்டு வாசல்ல நின்னேன். எப்பவும் முதல் குரலுக்கே "இருக்கோம்க்கா"ன்னு பதமாச் சொல்றவ. புகை மெலிசா இருந்துச்சு. ஒரு தடவை கூப்பிட்டேன், சத்தம் இல்ல. ரெண்டாம் தடவையும் இல்ல. வேலி மேல ஒரு காலை வச்சுக்கிட்டு மூணாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன்.

"உனக்குச் சாவே வராதாடி, மூதேவி! இப்பத்தான் பிள்ளை கண் அசந்துச்சு!"

சென்த்மாதான். அந்த வாயில இருந்தா! நான் வேலியில இருந்து காலை இறக்கி, அந்தப் பனியிலேயே நின்னு, கண்ணை மூடிக்கிட்டேன்.