நம்பரக்கா போலீசிடம் சொன்ன எண்

என் பஞ்சர் கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் நின்று உடலை விற்றுப் பிழைத்த பெண்களில் மூத்தவளுக்கு நம்பரக்கா என்று பெயர். மற்றப் பெண்கள் எந்த வண்டியில் ஏறினாலும் அதன் எண்ணைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மணி நேரத்தில் ஆள் திரும்பாவிட்டால் தேடக் கிளம்பிவிடுவாள். முன்பெல்லாம் சின்ன நோட்டில் எழுதிவைத்தாள். போலீஸ் அதைப் பிடுங்கி, "தொழிலுக்கு ஆள் அனுப்புறவ நீதானா?" என்று வழக்குப் போட்டது. சேர்ந்து நின்றால் குற்றம், துணைக்கு நின்றால் அதைவிடக் குற்றம். தனியாக நின்று சாகலாம், அதற்கு மட்டும் தடையில்லை. என்ன சட்டமோ, வயிறு எரிகிறது.

அதன் பிறகு எல்லாம் மனப்பாடம்தான். ஒருநாள் சோதித்துப் பார்க்க, "போன செவ்வாய்க்கிழமை வந்த வெள்ளை வேன்?" என்றேன்.

"எந்த வேன்ணே? கண்ணாடி உடைஞ்சதா, உடையாததா?" என்று கேட்டு, இரண்டுக்கும் எண் சொன்னாள். அசந்துபோனேன்.

ஒரு மதியம் போலீஸ் ஜீப் திரும்புவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்களில் சின்னவள், ஓட்டுபவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு சாம்பல் நிறக் காரில் ஏறினாள். இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போறேண்ணே," என்றாள் நம்பரக்கா.

"பைத்தியமா உனக்கு? பழைய கேஸ் வேற இருக்கு. நம்பரைச் சொன்னா உன்னைத்தான் உள்ள தள்ளுவான். நான் வேணா பேரு சொல்லாம போன் போடுறேன்."

"பேரு சொல்லாத போனுக்கு என்னைக்கு ஜீப்பு கெளம்பியிருக்கு?"

கூடப் போனேன். ஆனால் வாசலோடு நின்றுவிட்டேன். பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது? உள்ளே அவள் எண், நிறம், போன திசை எல்லாம் தடங்கலில்லாமல் சொல்வது கேட்டது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர்.

"நான்தான் காவலுக்கு நின்னேன். என் கேஸை அப்புறமா எழுதுங்க சார், மொதல்ல வண்டியைத் தேடுங்க!"

அடேயப்பா, இப்படியும் ஒரு மனுஷியா!

பூட்டிக்கிடந்த ஒரு கிடங்கில் சின்னவளைக் கண்டுபிடித்தார்கள். விலா எலும்பு உடைந்திருந்தது, உயிர் இருந்தது. கார்க்காரன் பத்தே நாளில் ஜாமீனில் வெளியே வந்தான். நம்பரக்காவுக்கு, ஆள் அனுப்பியதாக ஒரு வருடம் சிறை.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிதானமாகக் கேட்டாள்:

"அய்யா, இந்த ஒரு வருசம் அந்தப் புள்ளைங்க ஏறுற வண்டியை யாரு பாப்பா?"

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.