அரைக்கும் முன் ஒரு கடி

நேற்று கடையில் வாங்கிய பச்சரிசி மாவுப் பாக்கெட்டைப் பிரித்ததும், வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் கடித்துப் பார்த்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சீல் போட்டு வர்ற மாவும்மா இது. இதையுமா சந்தேகப்படுவ?"

படுவேன். விருத்தாசலத்தில் பிறந்து, பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைந்து சம்பாதித்தவள் நான். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பால், சுண்ணாம்பு, மாப்பிள்ளை வீட்டார் வேட்டி, எதுவும் விலக்கில்லை.

பாக்கெட் மாவுக்கு வாசனையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? மில் மாவு சூடாக இருக்கும். பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தால் இடுப்பு சுடும். அந்தச் சூட்டோடு பெல்ட் தேயும் ரப்பர் வாசமும், முன்னால் யாரோ அரைத்த மல்லி வாசமும் சேர்ந்து வரும். மல்லி வாசம் வந்துவிட்டால் போச்சு, அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்: "எவளோ மல்லி அரச்ச மெஷின்ல நம்ம அரிசியப் போட்டுட்டா பாரு!"

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். பீங்கான் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு, தெருமுனையில் தனம் அக்கா நடத்திய மாவு மில். ஒரு காலத்தில் டீசல் எஞ்சினில் ஓடியதாம். எஞ்சின் சூட்டைத் தணிக்கக் கட்டிய தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் அப்படியே கிடந்தது. கரண்டு மோட்டார் வந்த பிறகு அதில் துணி துவைத்தார்கள். ஓட்டுக்கூரை முழுக்க மாவு படிந்து, சிலந்திவலைகூட வெள்ளை நூலாகத் தொங்கும். தரையில் பள்ளம் வெட்டி மோட்டாரை இறக்கியிருந்தார்கள். அங்கிருந்து பெல்ட் மேலேறி அரைக்கும் கல்லைச் சுழற்றும். தானியம் கொட்டுகிற தகரத் தொட்டியோ ஆள் உயரத்துக்கும் மேலே. தனம் அக்கா மேடையேறி நின்று கொட்டுவார். கீழே நிற்கிற நமக்கு உள்ளே என்ன கிடக்கிறதென்று ஒரு மண்ணும் தெரியாது. சந்தேகம் வரட்டும் என்றே அளந்து கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

மாவு ஒரு துணிக் குழாய் வழியாக இறங்கும். முடிந்ததும் அந்தத் துணியைத் தட்ட வேண்டும். "இன்னும் தட்டுங்கக்கா, உள்ள நிக்குது" என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். காலையில் முதலில் போடுகிறவளின் மாவு கல்லிடுக்கில் கொஞ்சம் தங்கி அடுத்தவளுக்குப் போய்விடும் என்பது தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் மில் திறந்ததும் எல்லாரும் திடீரென்று மரியாதைக்காரர்களாகிவிடுவோம்.

"நீங்க போடுங்கக்கா."

"ஐய, நீ வேலைக்குப் போறவ, நீ போடு மொதல்ல."

"பரவால்லக்கா, எனக்கென்னா அவசரம்."

அவசரம் இல்லையாம்! அங்கே கம்பெனியில் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்.

கூடப் பிறந்த அக்காளுக்குக் கல்யாணமாகி முதல் தீபாவளி. கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த அவள் மாமியார் வீட்டுக்கு அம்மா ஒரு தூக்கு நிறைய அதிரசம் சுட்டு அனுப்பினாள். மறுநாளே அக்காளிடமிருந்து போன்.

"மாமியாரு ஒரு கடி கடிச்சிட்டு கீழ வச்சிட்டாங்கம்மா. உங்க வூட்டுல மணலு போட்டுத்தான் சுடுவீங்களான்னு கேக்குறாங்க."

அம்மா மிச்சமிருந்ததைத் தின்று பார்த்தாள். நறநற. நானும் தின்றேன். நறநற. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மில் இருக்கும் திசையைப் பார்த்தோம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? விசாரித்தால் வீட்டுக்கு வீடு நறநற இருந்தது. தனம் அக்கா நம் மாவை எடுத்துக்கொண்டு, எடைக்குப் பீங்கான் தூளைக் கலந்துவிடுகிறார் என்று தெரு முடிவு கட்டியது. எந்தக் கம்பெனியிலிருந்து தூள் வருகிறதென்று நான் வேலையிடத்தில் துப்புத் துலக்கினேன். பெரிய சிஐடி! பெண்கள் பாத்திரத்தோடு கடைத்தெரு மில்லுக்கு நடந்தார்கள். தனம் அக்காவுக்குப் புருஷன் இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சோறு போட்டது அந்த மில் ஒன்றுதான். அது பகல் முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்தது. மூடினால் மூடட்டும் என்றுதான் நினைத்தோம்.

போன மானத்தை மீட்க அம்மா மறுபடி அரிசி ஊறவைத்தாள். அதிரசத்துக்கு ஊறிய அரிசியை வடித்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். வாசலில் சாக்கை விரித்துப் பரப்பியிருந்தாள். அப்போது தனம் அக்கா விடுவிடுவென்று வந்தார்.

"ஏங்க்கா, நான் மண்ணக் கலக்குறேன்னு சொன்னீங்களாமே?"

"நான் எங்க சொன்னேன்? தெருவே சொல்லுது" என்றாள் அம்மா.

தனம் அக்கா குனிந்து, உலர்ந்துகொண்டிருந்த அரிசியில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். நறநற. தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"இது எந்த மில்லுல அரச்சதுங்க்கா?"

அரிசியை ஒரு ஓரமாக ஒதுக்கி, சாக்கின் முனையைப் பிடித்து ஒரு உதறு உதறினார். வெள்ளையாகப் புகை பறந்தது.

கம்பெனிக்குப் பீங்கான் தூள் வந்து காலியான கோணிச் சாக்கு அது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான். அலசிவிட்டு அரிசி, உளுந்து, வடகம் எல்லாம் அதில்தான் காயவைப்போம். அலசினால் போய்விடும் என்று நினைத்தோம். இழையிடுக்கில் இருந்த தூள் ஈர அரிசியில் ஒட்டிக்கொண்டு சம்பந்தியம்மாள் பல்வரைக்கும் போயிருக்கிறது.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எவர்சில்வர் தாம்பாளத்தில் உலர்த்திய அரிசியோடு எல்லாரும் பழையபடி மில்லுக்குப் போனோம். "நான் அப்பவே சொன்னேன், தனம் அப்படிப்பட்டவ இல்லன்னு" என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஆனால் அன்றிலிருந்து தனம் அக்கா, மேடையேறும் முன் ஒவ்வொருத்தி பாத்திரத்திலிருந்தும் நாலு அரிசி எடுத்து, எங்கள் முகத்தைப் பார்த்தபடியே கடிப்பார். "ம்" என்ற பிறகுதான் அரிசி மேலேறும். எனக்குக் கோபமாக வரும், கூடவே வெட்கமாகவும் இருக்கும். மில்லை விட்டுப் போகிற வரைக்கும் அவர் அதை நிறுத்தவே இல்லை.

மகளுக்கு வேலை கிடைத்ததும் அவளோடு போய்விட்டார். மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டு பைக் நிறுத்துகிறார்கள். நான் கண் வரைந்த கம்பெனியும் இல்லை. அந்தச் சாக்குகளும் இல்லை.

மகள் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். நான் பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"சீலெல்லாம் சரிதான்டி. அரைக்கிறதுக்கு முன்னாடி இந்த அரிசிய யாரு கடிச்சிப் பாத்தாங்க?"