அபிஷாவுக்குப் பேர் போட்ட நாள்

என் மகளின் கையை நான் விட்டது ஒரு நிமிஷம்தான். கேக் பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் இல்லை.

கடந்த ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. கண்டி பஸ் நிலையம். அன்றைக்குத்தான் அபிஷாவுக்கு ஐந்து வயது. மழை தூறியது. பஸ்கள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தன. சக்கரங்களுக்குக் கீழே பார்க்கவே பயமாக இருந்தது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

சபையாரே, நான் ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் என்று உங்களுக்குத் தெரியும்.

பன்வில தோட்டத்தில் நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். நிறை சரியாக இருந்தால் அன்றைய வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். அதை வைத்து என் வீட்டுக்காரர் பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டாக்கினார். பிறந்தநாள் காலையில் வாசலில் நின்று அவளுடைய முழுப் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார். அவள் "இருக்கேன்!" என்று ஓடி வருவாள். அந்த வருஷம் அவள் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி, தலையில் கை வைத்து ஜெபித்து, "முழுப் பேர்!" என்பார். அதற்குப் பிறகுதான் ஒரு வயது கூடும் என்பது அவள் கணக்கு.

இந்த வருஷம் அவருக்குக் கொழும்பில் வேலை. "நீயே கூப்பிடு" என்று போனில் சொன்னார். பக்கத்து வீடுகளுக்குக் கேட்குமே என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். கேக் போதும் என்று நினைத்தேன். "எனக்கு இன்னும் பேர் போடலியே அம்மா" என்று அவள் பஸ்ஸிலும் கேட்டாள்.

லொத்தர் என்கிற லாட்டரிச் சீட்டு விற்கும் சிங்களத் தம்பி ஒருவர் மைக் வைத்திருந்தார். அவரிடம் ஓடிப்போய் நான் முணுமுணுத்தது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அனிஷா, அஞ்சு வயசு, செவப்பு சட்டை" என்று இரண்டு மொழியிலும் அறிவித்தார். பத்து நிமிஷம் போனது. யாரும் வரவில்லை.

"அக்கா, நீங்களே பேசுங்க. என் குரல் பிள்ளைக்குத் தெரியாதுதானே."

மைக்கைக் கையில் தந்தார். எத்தனை கண்கள்! 'ஆண்டவரே, என் பிள்ளையைத் தாரும். அதற்கு முன் என் வாயைத் திறந்துவிடும்' என்று மட்டும் ஜெபித்தேன்.

"ராஜன் மகள் அபிஷா! பேர் போடப்போறேன், வா!"

என் குரலா அது? பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

"இருக்கேன்!"

பழக்கடை மேசைக்குக் கீழேயிருந்து நனைந்த தலை ஒன்று வெளியே வந்தது. ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அந்த மாமா கூப்பிட்டது கேக்கலியாடி?"

"கேட்டுச்சு. அது அஞ்சு வயசு அனிஷா. நான் அபிஷா. எனக்கு இன்னும் நாலுதானே?"

பலூன்காரன் பின்னால் போய் வழி தவறி, மழைக்கு அங்கே ஒதுங்கியிருக்கிறாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "காணாமப் போனதுக்கு அரைப் பேரா அம்மா?"

"இல்லடி. அம்மா கால் வலிக்குத் தைலம் தேய்ச்சவளுக்கு முழுப் பேர்!"

மைக் அணைக்கப்படவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "ஹரி, ஹரி... சரி அக்கா, இப்ப நான் லொத்தர் விக்கவா?" என்றார் தம்பி. அழுதுகொண்டே சிரித்தேன்.

நான் பிள்ளையைக் கேட்டேன். தேவன் முதலில் என் வாயைத் திறந்தார், பிறகு பிள்ளையைத் தந்தார். இப்போது ஜெபக் கூட்டத்திலும் என் குரல் கேட்கிறது. உங்கள் பிள்ளையின் பிறந்தநாளில் கேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து ஜெபியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். கேட்க வேண்டியவருக்கும் கேட்கும்.