ஒற்றைத் தட்டுச் சீர்

என் தங்கச்சி மகள் பெரியவளான செய்தி ஆடி மாதத்தில் வந்தது. தங்கச்சியைக் கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்டு வாங்குவதற்குள் ஊர் வந்துவிடும். நான் தறிக்கூடத்தில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். விசைத்தறி ஓடும் இடத்தில் போன் பேச முடியாது. வெளியே ஓடிவந்து காதில் வைத்தேன்.

"அண்ணே, ஒம் மருமவ பெரியவளாயிட்டா" என்றாள் தங்கச்சி. அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் சந்தோஷப்பட்டு வாய் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "சீர் செஞ்சிருவியாண்ணே?"

எங்கள் பக்கத்தில் சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன்தான் முதல் ஆள். அவன் கொடுத்த சேலையைக் கட்டி, அவன் கையால் மாலை போட்ட பிறகுதான் பிள்ளையை மணையில் உட்கார வைப்பார்கள். ஆனால் சேலையும் மாலையும் மட்டும் கொண்டுபோனால் யாரும் மதிக்க மாட்டார்கள். பழம், பலகாரம், வளையல், பவுடர் டப்பா என்று தட்டுத் தட்டாக அடுக்கி, சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாக ஏந்தி, மேளத்தோடு தெருவில் வர வேண்டும். மண்டபத்தில் எத்தனை தட்டு என்று மைக்கில் சொல்வார்கள். தங்கச்சியின் ஓர்ப்படியாள் மகளுக்குச் சடங்கு நடந்தபோது அந்த ஓர்ப்படியாளின் அண்ணன் செண்டை மேளம் வைத்து ஐம்பத்தொரு தட்டு கொண்டுவந்தார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு உப்பு குறைந்தாலும் ஐம்பத்தொரு தட்டுதான் பேச்சு.

எனக்கு அப்போது கழுத்தளவு கடன். போனில் சீட்டாடி வந்த கடன். குடிக்காதவன், பீடி தொடாதவன், வெள்ளிக்கிழமை தவறாமல் கோமதி அம்பாள் சந்நிதியில் நிற்கிறவன் என்று என்னைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருந்தது. அந்த நல்ல பேச்சுதான் எனக்குக் கடன் வாங்கித் தந்தது. அம்பாளையும் நான் விட்டுவைக்கவில்லை. கோவிலில் கொடுக்கும் புற்றுமண்ணை எல்லோரும் நெற்றியில் பூசுவார்கள், நோவு கண்ட இடத்தில் பூசுவார்கள். நான் போனில் பூசினேன். சீட்டு இறங்குமுன் ஒரு தீற்று. சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனபோது, அந்தப் பையன் ஓட்டையைக் குடைந்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, போனை வயல்ல நட்டு வச்சீரா?" என்று கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் பூசினேன்.

ஆட்டத்தை விட்டதற்கு எது காரணம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அரசாங்கத் தடை வந்தது, அதனால் விட்டான் என்று ஒரு பேச்சு. முன்வாசலைப் பூட்டினால் பின்வாசல் எங்கே என்று ஆடுகிறவனுக்குத் தெரியாதா? தொடர்ந்து ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தங்கச்சி போன் வருவதற்கு முன்பே நான் விட்டேன். என் மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்து, பசுமாடு வாங்க என்று என்னிடம் கொடுத்த பணத்தை ஒரே மத்தியானத்தில் தொலைத்துவிட்டு, அவளிடம் சொல்ல வாய் வராமல் நின்ற அன்று விட்டேன். அவள் அடிக்கவில்லை, அழவில்லை. பெரிய போனை என்னிடமிருந்து வாங்கி விற்றாள். பட்டன் போன் ஒன்றைக் கையில் கொடுத்தாள். சனிக்கிழமைக் கூலியை என்னிடம் தரக்கூடாது என்று முதலாளியிடம் நேரே போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே கூடத்து வாசலில் வந்து நின்று வாங்கிப்போனாள். பழைய கடன் தீரும்வரை புதுசாகப் பத்து ரூபாய்கூட யாரிடமும் வாங்குவதில்லை என்று அம்பாள் முன்னால் சொன்னோம். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

பக்கத்துத் தறிக்காரன் ஒருவன் என்னோடு சேர்ந்து ஆடினவன். கேலியை அவன்தான் முதலில் ஆரம்பித்தான். "ஏலே, சம்பளம் ஒனக்கா, ஒம் பொண்டாட்டிக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லலே. கடன்காரனுக்கு. அவ வாங்கிக் கொண்டுபோய்க் குடுக்கா. ஒனக்கு ஆள் இல்லன்னு வயித்தெரிச்சலா?" என்றேன். வெட்கப்படுவேன் என்று எதிர்பார்த்துக் கேட்கிறவர்களுக்கு வெட்கத்தைக் கொடுப்பதில்லை என்று அந்த நாட்களில் பழகிக்கொண்டேன்.

சீர் கேட்டுப் பேசிய அந்தப் போனில் தங்கச்சியிடம் எதையும் மறைக்கவில்லை. "ஒரு தட்டுதான் முடியும்மா" என்றேன். "எங்க அத்த கிட்ட நீயே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

தபசுத் திருவிழா அன்று அவளுடைய மாமியார் அம்பாளைப் பார்க்க வந்தார்கள். ஆடித்தபசுக்கு சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சங்கரன்கோவிலில்தான் நிற்கும். கூட்டத்தில் நசுங்கி, வேர்வையும் குங்குமமுமாக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி மோர் கொடுத்தாள்.

"ஆவணியில மண்டபம் பேசியாச்சு தம்பி. நீ எத்தன தட்டுன்னு சொன்னாத்தான் மேளத்துக்குச் சொல்ல முடியும்."

"ஒரு தட்டு, அத்தே."

"கேலி பண்ணாத."

"கேலி இல்ல. ஒண்ணுதான். தலைக்கு மேல கடன் கிடக்கு. அடச்சுக்கிட்டு இருக்கேன். புதுசா வாங்குததில்லன்னு இருக்கேன்."

"ஆடுததுக்குக் கடன் கெடச்சுது, அக்கா தங்கச்சிக்குச் செய்யக் கெடைக்கலியாக்கும்?"

அது நியாயமான கேள்விதான். "கெடைக்கும் அத்தே. இப்பவும் கெடைக்கும். அதனாலதான் வாங்க மாட்டேங்கேன்" என்றேன்.

மோர் டம்ளரைத் தரையில் வைத்தார்கள். "அப்பம் ஒண்ணு செய். புளியங்குடியில ஒம் பெரியப்பா மவன் எலுமிச்சம்பழ யாவாரம் நல்லா பண்ணுதான். அவனும் மாமன் மொறைதான. அம்பத்தொண்ணும் அவன் வைக்கட்டும். அவனே நின்னு மாலையப் போடட்டும். நீ வந்து சாப்ட்டுட்டுப் போ."

அது என் நெஞ்சில் இறங்கியது. அப்பா அம்மா போன பிறகு தங்கச்சிக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருத்தன். அந்த இடத்தில் இன்னொருத்தன் நின்றால் அவள் மகள் கல்யாணத்துக்கும் அவன்தான் நிற்பான், நாளைக்கு நல்லது கெட்டதுக்கும் அவன்தான். ஒரு தடவை விட்ட இடம் திரும்பாது.

"நான் இருக்கையில வேற மாமன் எதுக்கு?" என்றேன்.

"அத சீர்ல காட்டு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தறியில் கை ஓடவில்லை. பக்கத்துத் தறிக்காரன் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடுங்கிவிட்டான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தன் போனை என் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். சீட்டு விரித்துக் கிடந்தது.

"மக்கா, எம் பேர்ல ஆடு. செயிச்சா ஒன் தங்கச்சிக்குச் சீர். தோத்தா எங்கணக்கு. தர்மத்துக்குத்தான ஆடுத, அம்பாள் கைவிடுவாளா?"

என் கட்டைவிரல் துடித்தது. பொய் சொல்லவில்லை, தனியாகத் துடித்தது. கையில் சீட்டு நல்லதாகக் கிடந்ததும் தெரிந்தது. நான் தூக்குச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துபோய் வாசலில் நின்று சாப்பிட்டேன். "சாமியாராயிட்டான்லே" என்று உள்ளே சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் திரும்பிவந்து தறியைப் போட்ட பிறகு என் கண் அந்தப் போனிலேயே இருந்திருக்கிறது. ஊடை நூல் தீர்ந்து, குறுக்கே ஓடும் நாடா வெறுமனே போய்வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சேலையில் ஒரு முழத்துக்குக் குறுக்கு நூலே இல்லை. வலைபோலக் கிடந்தது.

முதலாளி கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். திட்டவில்லை. "கை இங்கன இருக்கு, மனசு எங்கனப்பா இருக்கு? தங்கச்சி வீட்டுச் சீராமே" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்து மேலே வைத்தார். "பழைய அட்வான்சோட சேர்த்துக்கிடுவோம். கூலியில கொஞ்சம் கொஞ்சமாக் கழி."

எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவோம். அதைக் கழிக்காமல் வேறு கூடத்துக்குப் போக முடியாது. கழிந்து வரும் நேரத்தில் வீட்டில் இன்னொரு விசேஷம் வரும். அட்வான்ஸ் வாங்காத தறிக்காரனை நான் பார்த்ததில்லை. அவர் கெட்ட மனதோடு கொடுக்கவில்லை. அதுதான் கஷ்டம். நல்ல மனதோடு கொடுக்கிற பணத்துக்கு முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்வது லேசில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ரோசமாக்கும்?"

"ஆமா, ரோசந்தான்."

"கடன்காரனுக்கு எதுக்குப்பா ரோசம்?"

"ரோசம் இல்லாமத்தான் அண்ணாச்சி இம்புட்டுக் கடன் ஆச்சு" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இழுப்பறையைச் சாத்தினார். பாழான சேலைக்கு மட்டும் கூலியில் பிடித்துக்கொண்டார். அது சரிதான்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கியிருந்தீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

"வாங்கலையே."

"அதான் சோறு போடுதேன்."

அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். முன்னெல்லாம் ஆடிச்சுற்று என்று பிரகாரத்தைச் சுற்றும்போது, நூற்றியெட்டு சுற்றுகிறேன், இன்றைக்கு ஒரு பெரிய ஆட்டம் கொடு என்று பேரம் பேசிக்கொண்டே நடப்பேன். அம்பாளோடேயே பந்தயம். அன்று அப்படி ஒன்றும் பேசவில்லை. "ஒன்ன எதுவும் கேக்க வரல. நான் சொன்ன சொல்லுல நிக்கேன். அதுக்கு ஊர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன். ஆனா எம் மருமவ முன்னால மாமன் நிக்குத இடத்த விட்டு நகர மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். சாமியிடம் அந்தக் குரலில் பேசலாமா என்று தெரியாது. பேசினேன்.

ஆவணியில் சடங்கு. கூலியில் மிச்சம் பிடித்து, கீழ ரதவீதியில் ரொக்கம் கொடுத்து ஒரு பச்சைச் சேலை எடுத்தோம். சங்கரன்கோவில் மல்லிகை தனியாகப் பேர்போனது. மார்க்கெட்டில் பூ வாங்கி என் மனைவியே மாலை கட்டினாள். தேங்காய், பழம், வெற்றிலை, கண்ணாடி வளையல், அம்பாள் குங்குமம். எல்லாம் ஒரு தட்டு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஸ்டாப்பில் இறங்கி, தட்டை நானே தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். தட்டைப் பெண்கள்தான் ஏந்துவார்கள், மாமன் வேட்டி சட்டையில் முன்னால் வெறுங்கையோடு வருவான். எனக்கு மேளமும் இல்லை. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.

மண்டபத்து வாசலில் பெரியப்பா மகன் நின்றிருந்தான். அவன் பக்கத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன, பளபளவென்று தாள் சுற்றி. அவனும் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டான். "கூப்ட்டாவ, வந்தேண்ணே" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மைக் பிடித்தவர் என் காதில் வந்து கேட்டார். "அண்ணாச்சி, எத்தனன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணு."

"மத்தது வண்டியில வருதுன்னு சொல்லிருவோமா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்வே. சத்தமாச் சொல்லும்."

அவர் சொன்னார். "தாய்மாமன் சீர், ஒரு தட்டு." மைக்கில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல், கொர்ரென்று ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ சிரித்தார்கள். தங்கச்சியின் மாமியார் பெரியப்பா மகனைப் பார்த்து, "நீ வாய்யா மேல" என்றார்கள்.

நான் தட்டோடு மேடைக்குக் கீழே நின்றேன். நகரவில்லை. "அத்தே, இதுல இருக்க ஒவ்வொண்ணுக்கும் காசு குடுத்தாச்சு. நாளைக்கு எவனும் வந்து எங்க வாசல்ல நிக்க மாட்டான். தட்டு ஒண்ணுதான். மாமனும் ஒருத்தன்தான்" என்றேன்.

அப்போதுதான் தங்கச்சி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தீர்கள் என்றால், அவளை உங்களுக்குத் தெரியாது. "ஒத்தத் தட்டத் தூக்கிட்டு ஊர்கோலம் வந்திருக்கான் பாரு, மானங்கெட்டவன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். தட்டிலிருந்து பச்சைச் சேலையை வெடுக்கென்று எடுத்து மகளிடம் நீட்டினாள். "போ, கட்டிட்டு வா. நல்ல நேரம் போகுது." பிறகு மாமியார் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, மேல ஏறு" என்றாள்.

ஏறினேன். பிள்ளை சேலை கட்டி வந்தாள். மாலையைப் போட்டேன்.

தங்கச்சி அன்று என்னிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பத்தொரு தட்டும் பின்னால் வரிசையாக வந்து மேடை நிறைந்தது, நல்லதுதான், பிள்ளைக்குத்தானே. சீர் குறைந்தவன் சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில் ஒதுங்கி உட்காருவான் என்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்ல மாட்டார்கள், அவனே ஒதுங்கிக்கொள்வான். நான் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு முதல் பந்தியில், நடுவில், இலை பெரிதாகக் கிடந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயசம் வந்தபோது ஊற்றச் சொன்னேன். தீர்ந்ததும் கூப்பிட்டு இன்னொரு தடவை ஊற்றச் சொன்னேன்.