உப்பளக் கரையில் கேட்ட குரல்

பேய், அசரீரி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். சாத்தான்குளத்தில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பறவைக் கிறுக்கு. ரிட்டயர் ஆனதும் அது முற்றிவிட்டது. மெல்லிய அலகுள்ள கடற்காகம் என்று ஒன்று, நம் பக்கம் அபூர்வமாகத்தான் வருமாம், அதை ஒருதடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நாலு குளிர்காலமாகத் தூத்துக்குடிக் கரையெல்லாம் அலைந்தார். நெஞ்சில் ஆபரேஷன் ஆன மனுஷனைத் தனியே விட மனசு வராமல் நானும் கூடவே அலைந்தேன், முழங்கால் வலியோடு.

அன்றைக்கும் அப்படித்தான். தை மாசம், காலை எட்டு மணி, நல்ல வெயில். மாப்பிள்ளையூரணி தாண்டிக் காரை நிறுத்திவிட்டு, கைவிடப்பட்ட ஒரு உப்பளத்துக்கும் கடலோடைக்கும் நடுவே போகிற மண்கரையில் நடந்தோம். மழையில் ஊறிய கரை, கால் வைத்தால் பொதுக்கென்று அமுங்கியது. ஓடை முகத்தில் கடற்காகக் கூட்டம் ஒன்று தெரிந்ததும் அவர் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வேகமாக முன்னே போய், முள் உடைமரங்கள் நின்ற வளைவில் மறைந்துவிட்டார். நான் மெதுவாகப் பின்னால் போனேன், அலுப்போடு, இன்னும் எவ்வளவு தூரமோ என்று.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

“ஏளா கிரேசு, திரும்பி வா.”

திரும்பினேன். யாரும் இல்லை. முன்னே போன மனுஷன் எப்படிப் பின்னால் வந்தார் என்று யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. மறுபடி கேட்டது, இப்போது கார் நின்ற பக்கமிருந்து. சரி, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார் போல என்று முனகிக்கொண்டே கார் வரைக்கும் நடந்துவிட்டேன். கார் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் எங்கேயும் அவரைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் அவர் அதே கரையில் ஓட்டமும் நடையுமாக வந்தார், மூச்சு வாங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

“எதுக்குளா அப்படிக் கத்துன? என்னமோ ஏதோன்னு ஓடியாரேன்.”

“நானா? நான் வாயே தொறக்கலையே. நீங்கல்லா என்னப் பின்னால நின்னு கூப்பிட்டிய?”

“நான் அங்கன பறவையப் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தொம்மென்று ஒரு சத்தம். உடைமர வளைவுப் பக்கம் கடற்காகங்கள் அத்தனையும் எழும்பின. கிட்டத்தில் போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை, வளைவு தெரிகிற தூரம் வரை நடந்து, அங்கே நின்றே பார்த்தோம். அவர் நின்றிருந்த இடமும் நான் போய்ச் சேரவிருந்த இடமும் ஓடைக்குள் சரிந்து, சேற்றுத்தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பறவையை அவர் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு தேடிப் போகவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார். “நீ கூப்பிட்டதோட நிக்கல, இனிமே நடக்கப்போற ஒன்னையும் சொன்ன.” என்னவென்று கேட்டேன். இன்றுவரை கேட்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஆனால் அன்றிலிருந்து நான் வெளியே கிளம்பினால் என்ன சேலை என்று ஒருதடவை ஏறிட்டுப் பார்ப்பார். பச்சை என்றால் மட்டும் முகம் செத்துவிடும், “மாத்திட்டு வாளா” என்பார். அலமாரியில் இருந்த பச்சைச் சேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு உப்பளத்தில் நான் கட்டியிருந்தது பச்சை இல்லை.